கொட்டகை கேமராவுக்கு வைஃபை எட்டவில்லையா?

சினைமாடு கன்று ஈனும் இரவில் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மாட்டுக்கொட்டகையில் கேமரா மாட்டுகிறார்கள். சரியாக அந்த நேரத்தில் செல்போனில் படம் நின்றுவிடும். பழி கேமரா மேல் விழும். பெரும்பாலும் காரணம், கூடத்து மூலையில் இருக்கும் ரவுட்டருக்கும் கொட்டகைக்கும் நடுவில் உள்ள சுவரும் தகரமும்தான். தகரம் வைஃபை அலையைத் திருப்பி அடிக்கும். ஈரம் நிறைந்த வாழை மரங்கள்கூட அலையை உறிஞ்சிவிடும்.

இதற்கு ‘மெஷ்’ கருவிகள் கைகொடுக்கும். ஒன்றை ரவுட்டரோடு இணைக்க வேண்டும். மற்றவை அலையை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆனால், பலரும் இரண்டாவது கருவியைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். வாய்க்காலில் தண்ணீரே வராத இடத்தில் மடையைத் திறந்து என்ன பயன்? சிக்னல் நன்றாக இருக்கும் பாதி தூரத்தில், கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். கேமராவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கொட்டகைவரை நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் உறுதி. 100 மீட்டர் வரை தாங்கும். வெட்டவெளியில் செம்புக் கேபிள் போனால் இடி, மின்னலில் இரு முனைக் கருவிகளும் கருகக்கூடும். அங்கே ஃபைபர் கேபிளே நல்லது. கரன்ட் போனால் எல்லாம் படுத்துவிடும் என்பதால் ரவுட்டர், மெஷ், கேமரா மூன்றையும் இன்வெர்ட்டரில் சேருங்கள். தொலைவில் உள்ள கிணற்று மோட்டாருக்காக மெஷ் வாங்க வேண்டாம். அதற்கு சிம் கார்டு போடும் ஸ்டார்ட்டரே போதும்.