கார் ஏன் தூக்கித் தூக்கிப் போடுது?

சித்தப்பா வாங்கிய காரில் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன். வளைவில் சாயவே சாயாது. ஆனால் வேகத்தடை வந்தா பாட்டிக்கு முதுகு விண்ணுனு தெறிக்குது! விறைப்பான ஸ்பிரிங் கொஞ்சம்தான் அமுங்கும். மிச்ச அதிர்ச்சி நேரா சீட்டுக்கு வந்துடும்.

நண்பர்களே, ஸ்பிரிங்கை மாற்றாமலே ஒரு வழி உண்டு. டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள். 205/45, 17 அங்குல ரிம் என்றால், 205 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம், அதாவது சுமார் 92 மி.மீ.தான் ரப்பர் சுவரின் உயரம். 195/55, 16 அங்குலத்துக்கு மாறினால் 107 மி.மீ. சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். கூடுகிற 15 மி.மீ. ரப்பர்தான் மெத்தை! (சின்ன ரிம் பிரேக்கில் இடிக்குமான்னு முதலில் மெக்கானிக்கிடம் கேட்கணும்.)

காற்று அதிகமானாலும் டயர் கல்லு மாதிரிதான். வண்டி ஓடுவதற்கு முன்பே, கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குச் சரிபார்க்கணும். மெத்துனு இருக்கட்டும்னு அதுக்கும் கீழே இறக்கினால் டயர் சூடேறி வெடிக்கலாம்.