குமிழி என்னும் அனுபானம்

பழுப்பு நிலக்கரியைத் தோண்டுவதோடு வேலை முடிவதில்லை என்பது நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி ஈரமும், குவித்து வைத்தால் தானே பற்றிக்கொள்ளும் சுபாவமும் உடைய அந்தச் சரக்கை, கன்வேயர் பட்டையில் ஏற்றிப் பத்திரமாகக் கொதிகலனின் வாயில் சேர்த்தால்தான் அதற்குப் பிரயோஜனம். மருந்துக்கும் இதே சங்கடம்தான்.

1950-களில், வெனிசுவேலாவின் ஓரினோகோ நதிப் பிரதேசத்து மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஆம்போடெரிசின்-பி, பூஞ்சையின் உறையைத் துளைத்துக் கொல்வதில் மகா சமர்த்து. ஆனால் போகிற வழியில் நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அதையே லிபோசோம் என்னும் கொழுப்புக் குமிழியின் சுவரில் பதித்தபோது, பூஞ்சையைத் தொடும்வரை குமிழி மருந்தைப் பெரும்பாலும் விடாமல் பிடித்துக்கொண்டதால், சிறுநீரகத்துக்கு நேரும் சேதம் வெகுவாகக் குறைந்தது. சித்த வைத்தியர்கள் தேனையும் நெய்யையும் அனுபானமாகக் கொடுத்ததும் இதுவும் ஒன்றே என்று பெருமையடிக்க எனக்குச் சம்மதமில்லை; என்றாலும் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

குமிழியின் குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினால் படிகிற தூசியில், நுரையீரலின் அடிவரை போகுமென்று நாம் அஞ்சும் 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் அகலத்திலேயே இத்தகைய குமிழிகள் இருபத்தைந்துக்குக் குறையாமல் வரிசையாக நிற்கும்.

பூஞ்சைக்கு மட்டுமன்றி, ஒட்டுண்ணியால் வரும் காலா-அசார் காய்ச்சலுக்கும் இதே மருந்து உதவும். பீஹாரின் முசாபர்பூரில் அந்நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த ஷியாம் சுந்தர் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய மருந்தை 29 நாட்களில் 15 தடவை ஏற்றிக் கண்ட குணத்தைக் குமிழி மருந்தை ஒரே தடவை ஏற்றிக் கண்டார்கள். இரு வகையிலும் குணமடைந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 96 பேர். தினக்கூலியை இழந்து மாதம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடக்க முடியாத ஏழைக்கு இது சாமானிய விஷயமன்று.

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை பரவியபோதுதான் இம்மருந்தின் பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். குப்பியிலுள்ள மஞ்சள் பொடியில் ஊசித் தண்ணீர் விட்டு, உடனே பலமாகக் குலுக்கி, வடிகட்டி, டெக்ஸ்ட்ரோஸில் கலந்து நர்ஸ் ஏற்றுவார். சலைனில் கலந்தால் மருந்து திரிந்துவிடும். நாடெங்கும் குப்பிக்குத் தட்டுப்பாடு வந்த அந்நாட்களில், அது கிடைக்காத இடங்களில் பழைய ஆம்போடெரிசினையே, முன்னதாகத் தனியே சலைன் ஏற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை அடிக்கடி பார்த்துப் பார்த்து டாக்டர்கள் செலுத்தினார்கள்.