சிலம்பம் பயிலப் புகுவோர்க்கு

சிலம்பமென்பது கோல்கொண்டு தம்மைக் காத்துக்கொள்ளும் தமிழ்நாட்டுக் கலையாம். சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்பது பொருள். சுழலுங் கோல் காற்றைக் கிழித்தெழுப்பும் ஓசையைக் கேட்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். ஜப்பான் நாட்டிலும் இதனையொத்த ‘நகினத்தா’ என்னும் நீள்பிடி வாட்கலை உண்டு. அதனைப் பயில்வோருட் பெரும்பாலார் மகளிர். பயிற்சியில் மெய்வாளை நீக்கி, மரப்பிடியின் நுனியில் மூங்கிற்பட்டைகளைப் பிணைத்துக்கொள்வர்.

சிலம்பம் பயிலப் புகுவோர் முதற்கண் நாடவேண்டுவது நல்லாசானை. நூலை நோக்கியுங் கோல் சுழற்றலாம். ஆயினும் நம் காலின் பிழையை நூல் கண்டுரைக்கமாட்டாது.

அடுத்தது கோல். நிலத்தினின்று நெற்றியளவு உயர்ந்த மூங்கிலேனும் பிரம்பேனும் ஏற்றது. கோணல் இருப்பின் தீயில் வாட்டி நிமிர்த்துவர். நீளம் மிகுந்தால் எட்டுந் தொலைவும் நுனியின் விரைவும் மிகும். ஆனாற் சுழற்றுங்கால் நிலத்திலும் உடலிலுந் தட்டும். ஆதலின் அவரவர் உயரமே அளவாயிற்று.

மூன்றாவது காலடி. வணக்கமும் நிற்கும் நிலையுங் கற்பித்தபின், ஆசான் பன்னாள் காலடியையே பயிற்றுவர். அடியின் வலிமை இடுப்பின் திருப்பத்தாலும், உடற்பாரம் ஒரு காலினின்று மற்றொன்றிற்கு மாறுதலாலும் பிறக்கின்றது. கால் பிந்தினால் அடி தளரும். மார்பும் காவலின்றித் திறந்து நிற்கும். காரைக்காலைச் சேர்ந்த கருக்களாச்சேரி போன்ற கடற்கரையூர்களில் இவ்வுண்மையை விளக்கவேண்டுவதில்லை. அலையில் ஆடும் படகில், முழங்காலைச் சற்றே தளர்த்தி நின்று வலையிழுக்கும் மீனவர், கால் நிலைத்த பின்னரே கை தொழில்செய்யும் என்பதை நாடோறும் அறிகின்றனர். காலடி அமைந்தபின் மணிக்கட்டுச் சுழற்சியும், வீச்சும், தடுப்பும், இறுதியில் எதிராளியோடு பொருதலும் முறையே வரும்.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களிற் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், விழாக்களில் தீப்பந்தக் கோல் சுழலக் கண்டு வருவோர், முதல் நாளிலேயே அதனை விழைந்து, காலடிப் பயிற்சியிற் சலிப்புற்று நீங்குவராயின், கலையில் அலங்காரம் எஞ்சும், காவல் மறையும். ஆசானின் உடலினின்று மாணவனின் உடலுக்குச் செல்லும் இவ்வித்தை, ஒரு தலைமுறை தவறின் மீட்டற்கரிது. ஆதலின், பயில விழையும் நண்பர்காள், முதற் சில திங்கள் கோலை மறந்து காலை நோக்குமின்.