தேவாலயத்துத் தொலைபேசி

1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில், சாட் வரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் பாதிரியார் முதன்முதலாக நடத்திவைத்த நல்லடக்கம், 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதன் அடையாளத்தை வெளியில் சொல்லக் கூசும் வியாதி என்று எண்ணிக் கலங்கி, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல் அக்குழந்தை உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். இத்தகைய முடிவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது என்பார்கள் மருத்துவர்கள். ஆயினும் பேச ஆளில்லாத அந்தக் கொடுமையை வரா மறக்கவேயில்லை.

1953-இல் லண்டனில் புனித ஸ்தேவான் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பு அவருக்கு வந்தபோது, ஆபத்து வேளையில் உதவிக்கு 999 என்ற எண் இருப்பதுபோல, வாழ்வை வெறுத்தவர்கள் அழைக்கவும் ஓர் எண் ஏன் இருக்கலாகாது என்று யோசித்து, எளிதில் மனத்தில் தங்கும் 'மேன்ஷன் ஹவுஸ் 9000' என்பதைக் கேட்டுப் பெற முயன்றாராம். தொலைபேசிக் கருவியின்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அந்தக் கோயிலின் எண்ணே அதுதான் என்று அவரே பிற்காலத்தில் சொல்வதுண்டு. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது.

அதைவிட விசேஷமானது வெளியறையில் நடந்தது. பாதிரியாரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்க வந்த சாதாரண ஜனங்களிடம் மனத்திலிருந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டு, பலர் பாதிரியாரைப் பாராமலே ஆறுதலோடு வீடு திரும்பினார்கள். அதைக் கண்ட வரா, 1954 பிப்ரவரியில் அந்தப் பணி முழுவதையும் அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்னும் ஸ்தாபனம் உருவானது இவ்வாறுதான். அழைப்பவரிடம் தொண்டர் தம் மதத்தைப் பிரசங்கம் செய்யலாகாது என்பது அதன் விதி. விதித்தவர் ஒரு மதகுரு என்பதுதான் ரசமான விஷயம்.

உயிரை மாய்த்துக்கொள்பவர்கள் விஷயத்தில் சமயங்கள் எப்போதும் கருணையோடு இருந்தன என்று சொல்வதற்கில்லை. தன்னுயிரை மாய்த்தவருக்கு அடக்க ஆராதனை கிடையாது என்று ஆங்கிலத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் விலக்கிற்று. கத்தோலிக்கச் சட்டத்திலிருந்த அத்தகைய தடை 1983-இல்தான் மறைந்தது. மாண்டவரைத் தண்டிப்பதாக எண்ணிச் செய்த இக்காரியங்கள், உண்மையில் உயிரோடிருந்த குடும்பத்தாரைத்தான் நாணித் தலைகுனிய வைத்தன. அதே நாணம் துயரை மனத்துள் வைத்துப் புழுங்குகிறவனையும் வாய் திறக்கவொட்டாமல் செய்துவிடும்.

கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், வாரந்தோறும் வந்தவர் திடீரென்று வராமற்போனதை முதலில் கவனிப்பவர்கள் அங்குள்ளவர்களே; துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாள் போவதோடு நில்லாமல், உறவினர் கலைந்த பிறகு மறுபடியும் போய்வருவது அவர்களுக்கு இயலும். சந்தேகம் தோன்றினால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடுவதில்லை. ஆம் என்று பதில் வந்தால், அவரைத் தனியே விடாமல், பாவபுண்ணிய விசாரத்தில் இறங்காமல், வைத்தியரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். பிரார்த்தனை தாராளமாக நடக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் எந்தக் குருவுக்கும் இல்லை.

லண்டனில் தோன்றிய அந்த முறையைத் தழுவி, இலங்கையில் 1974-இல் 'சுமித்ரயோ'வும், சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா'வும் மதபேதமின்றிக் காதுகொடுத்து வருகின்றன. சினேகாவின் எண் 044-24640050. இந்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணை இரவுபகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.