நரம்புக்குள் ஓடும் வெளிச்சம்

பார்வைக்குத் தூண்டில் நரம்புதான். முக்கால் மில்லிமீட்டர் தடிமன், விரலில் சுற்றினால் வளைந்து கொடுக்கும். ஒரு முனையில் டார்ச் அடித்தால், ஐந்தடி தள்ளி இருக்கும் மறுமுனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி பூக்கிறது. நடுவில் ஏறக்குறைய இருட்டு!

இது பிளாஸ்டிக் ஒளியிழை. உள்ளே இருப்பது பெயர்ப்பலகை செய்யப் பயன்படும் அக்ரிலிக். ஒளிவிலகல் எண் 1.49. அதன்மேல் முடியைவிட மெல்லியதாக, ஒளிவிலகல் எண் சுமார் 1.40 உள்ள ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் உறை. உள்ளே போகும் ஒளி இந்த உறையைச் சாய்வாகத் தொடும்போது வெளியேற வழியில்லாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான்.

1840களில் ஜெனீவாவில் டேனியல் கொலாடன், வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டுக் காட்டினார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தையே அனுப்பினார். அந்த ஆய்வு 1954இல் வெளியானது.

வீட்டிலேயே வானம் செய்யலாம். கறுப்பு அட்டையில் ஓரியன் மண்டலத்தைப் புள்ளி வைத்து, ஊசியால் துளையிட்டு, துளைக்கு ஓர் இழையாகப் பின்னாலிருந்து நுழைக்க வேண்டும். திருவாதிரைக்கு 1 மி.மீ. இழை, நுனியில் சிவப்பு மார்க்கர் மையைத் தொட்டு வைத்தால் அந்த விண்மீனின் செம்மை வந்துவிடும். மங்கலான மீன்களுக்கு 0.5 மி.மீ. போதும். பின்புற முனைகளை ஒன்றாகக் கட்டி எல்.இ.டி. விளக்கின் முன் நிறுத்த வேண்டும்.

வேலையின் உயிர் வெட்டில் இருக்கிறது. கத்தரிக்கோல் முனையை நசுக்கிவிடும், வெளிச்சம் பாதியாகும். புது பிளேடை வைத்து ஒரே அழுத்தாக வெட்டி, மிக நைசான உப்புத்தாளை நனைத்து, முனை பளபளக்கும்வரை வட்டமாகத் தேய்க்க வேண்டும். அதே உப்புத்தாளால் இழையின் பக்கத்தை லேசாகக் கீறினால், கீறிய இடமெல்லாம் ஒளி கசியும். பூவேலை, எழுத்து வேலைக்கு அந்தக் கசிவுதான் அழகு.

ஹாலஜன் பல்பு மட்டும் வேண்டாம். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இழை கெடத் தொடங்கும்.

மின்சாரம் விளக்கோடு நின்றுவிடுகிறது, இழையில் ஓடுவது ஒளி மட்டுமே. எனவே இந்த நவராத்திரிக்குக் கொலுவில் கட்டும் தெப்பக்குளத்துத் தண்ணீருக்குள்ளேயே இழைகளை விட்டுப் பாருங்கள். விளக்கும் அதன் வயரும் தண்ணீர் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.