வணிகமில் உரிமமும் வணிகப் பயனும்

முனைவர்ப்பட்ட ஆய்வேடுகள் நூலகப் பேழைகளில் கிடந்து மக்கிய காலம் மாறிற்று. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடுவம் நடத்தும் 'சோத்கங்கா' என்னும் இணையக் கருவூலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் யாவரும் படிக்குமாறு இடம்பெற்றுள்ளன. அக்கருவூலப் பதிவுகளில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்று குறிக்கப்பெறுகின்றது. ஆசிரியர் பெயரைச் சுட்டல், வணிகத்திற்குப் பயன்படுத்தாமை, மாற்றி வெளியிடின் அதே உரிமத்தின்கீழ் வெளியிடல் என்னும் மூன்றும் அதன் கட்டளைகள். முதலதும் மூன்றாவதும் எளிதில் விளங்குவன. இரண்டாவதே ஐயத்திற்கு இடமாவது. அதன் பொருளெல்லையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2013-இல் வெளிவந்த அவ்வுரிமத்தின் நான்காம் பதிப்பு, வணிக ஆதாயத்தையோ பண ஊதியத்தையோ முதன்மையாகக் கருதாத பயன்பாட்டை வணிகமில் பயன்பாடு எனக் கொள்கின்றது. ஈண்டு 'முதன்மை' என்னும் சொல்லே உயிர்நிலை. உரிமம் வினையை நோக்குகின்றதேயன்றி வினைமுதலை நோக்கவில்லை. அறநிலையம் செய்யினும் ஆதாயம் கருதிய விற்பனை வணிகமே. வணிகர் செய்யினும் ஊதியம் கருதாத பயன்பாடு வணிகமன்று.

காசு கைம்மாறின் அது வணிகமன்றோ எனின், அன்று. மாணவர் ஒருவர் ஆய்வேட்டின் இயலொன்றை நகலகத்தில் படியெடுக்கின்றார். கடைக்காரர் பக்கக் கணக்கில் கூலி பெறுகின்றார். கூலி தாளுக்கும் உழைப்புக்கும் உரியது, பயன்பாடோ மாணவருடையது. அமெரிக்காவில் பள்ளிகளின் பொருட்டுப் பாடநூலைப் படியெடுத்த ஃபெடெக்ஸ் நிறுவனத்தின்மேல் கிரேட் மைண்ட்ஸ் என்னும் பதிப்பகம் தொடுத்த வழக்கில், 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இக்கருத்தையே கொண்டது. கடைக்காரர் தாமே படிகளை அடுக்கிவைத்து விற்பாராயின் அது வேறு.

செருமனியில் பொது வானொலி ஒன்று தன் இணையப் பக்கத்தில் இவ்வகை உரிமமுடைய ஒளிப்படத்தை இட்டது. தனியாள் பயன்பாடொன்றே வணிகமில்லாதது எனக் கொலோன் நகரக் கீழ்நீதிமன்றம் 2014-இல் கூறிற்று. அவ்வாண்டிலேயே மேல்நீதிமன்றம் அதனை மறுத்தது. நடுவரே வேறுபடுமிடத்து நூலாசிரியர் மயங்குதல் வியப்பன்று. தேர்வுக் காலத்து வினாவிடை நூல் ஐயமின்றி வணிகம். விளம்பரம் தாங்கிய இணையப் பக்கமும், அடக்கவிலைக்கு விற்கும் விழா மலரும் எல்லைக்கோட்டில் நிற்பன. இத்தகைய இடங்களில் இசைவு கேட்டலே நேர்வழி.

சட்டம் தந்த உரிமையை இவ்வுரிமம் குறைப்பதில்லை என்பதும் அறியற்பாலது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்கும் நேர்மையாக எடுத்தாளுதலை ஏற்கின்றது. ஆதலின் விலைநூலில் மேற்கோள் காட்டுவார் அஞ்ச வேண்டா. ஆய்வாளர் தாமே உரிமையாளராயின், தம் ஆய்வேட்டை நூலாக்கி விற்பதற்கும் இத்தடை இல்லை.

தடையால் இழப்பும் உண்டு. 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா, வணிகத்தை விலக்கும் உரிமமுடைய எழுத்தைத் தன்னுள் ஏற்பதில்லை. காவிரிக்கரை நடவுப் பாடல்களைத் திரட்டிய ஆய்வேட்டைக் கும்பகோணத்துச் சிறு பதிப்பாளர் அச்சிட்டு விற்க விரும்பினும் தனி இசைவு பெறல் வேண்டும். உரிமையாளர் இருக்குமிடம் அறியப்படாதாயின், பாடிய மக்களிடமே அப்பாடல்கள் அச்சுநூலாய் மீள்வதற்கு எளிய வழியில்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் பெற்ற சென்னை அரசாங்கம் பின்னர் அவற்றை நாட்டுக்குப் பொதுவாக்கிற்று; வணிகரை விலக்கவில்லை. அதனாலன்றோ மலிவுப் பதிப்புகள் பல்கி அப்பாடல்கள் சிற்றூர்தோறும் சென்றன!

ஆகவே, உரிமம் தேர்வார் எவரைத் தடுக்கக் கருதுகின்றனர் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். பிறர் உழைப்பைத் தமதாக்கிப் பூட்டிவைப்பாரைத் தடுப்பதே கருத்தாயின், பெயர் சுட்டலும் அதே உரிமத்தில் வெளியிடலும் பெரும்பாலும் போதும் என்பது எம் துணிபு. வணிகத்தையும் விலக்கக் கருதுவார், இசைவு பெறும் வழியை நூலின் முகப்பிலேயே குறித்துவைத்தல் கடனாகும்.