கையெழுத்துப் போடத் தயங்கிய சாட்சி

2020 ஜூன் 28 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்க வந்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடம் தலைமைக் காவலர் ரேவதி வாக்குமூலம் கொடுத்தார். காவலில் இறந்த வியாபாரி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று சொன்னார். சொல்லிவிட்டாரே தவிர, கையெழுத்துப் போட மறுத்தார். வெளியே நின்றவர்கள் அவரோடு வேலை பார்க்கும் காவலர்கள். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்து, வெகுநேரம் கழிந்த பிறகே கையெழுத்திட்டார். மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையே இதைச் சொல்கிறது.

சீருடை போட்டவருக்கே அந்த நிலை என்றால், தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவர் வீட்டுக்குச் சம்மன் வரும்போது அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

வந்த தாளை முதலில் நிதானமாகப் படியுங்கள். நீதிமன்ற முத்திரை, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, சாட்சி சொல்லவா ஆவணம் கொண்டுவரவா என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் உங்களோடு வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர் எவரிடமும் கொடுக்கலாம். முன்பு ஆண்களிடம் மட்டும் என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. ஆகவே, அம்மாவோ மனைவியோ வாங்கினாலும் செல்லும்.

போலீஸ் அனுப்பும் விசாரணை நோட்டீஸ் வேறு. சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் ஒழிய ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. எத்தனை வீடுகளில் இது தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் காத்துக்கிடக்கிறார்கள்!

நீதிமன்றச் சம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பிடிவாரண்ட் வரலாம். வேண்டுமென்றே வராத சாட்சிக்கு அந்த நீதிமன்றமே 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். தனி வழக்கானால் ஆறு மாதம் வரை வெறுங்காவலோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

உண்மையிலேயே போக முடியாதென்றால் தேதிக்கு முன்பே காரணம் சொல்லி மனுப் போடலாம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது 2018 மே மாதம் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்ததை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம், சமூக விரோதிகள் ஊடுருவினார்கள் என்று பேசிய நடிகர் ரஜினிகாந்துக்குச் சம்மன் அனுப்பியது. நேரில் வந்தால் கூட்டம் கூடி மக்களுக்கு இடைஞ்சலாகும் என்று 2020இல் அவர் மனுக் கொடுத்தார். ஆணையமும் அப்போது விலக்கு அளித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதே ஆணையத்துக்கு நேரில் வந்துதான் சாட்சி சொன்னார்கள், அது மனதை உறுத்துகிறது. ஆனாலும் அவர் போட்டதுபோல ஒரு மனுவை, கடலில் தங்கித் தொழில் பார்க்கும் மீனவரும் போடலாம். கூச்சப்பட வேண்டியதில்லை.

பயம்தான் காரணம் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். விண்ணப்பம் வந்ததும் மிரட்டல் எவ்வளவு என்று போலீஸ் அறிக்கை தரும். அதைப் பார்த்து வீட்டுக்குக் காவல், கண்காணிப்பு கேமரா, வேறு இடத்தில் தங்க ஏற்பாடு என்று குழு உத்தரவிடலாம். மிரட்டுவதே போலீஸாக இருந்தால் அந்த அறிக்கையை எப்படி நம்புவது? சாத்தான்குளம் எழுப்பிய இந்தக் கேள்விக்குத் திட்டத்தில் போதிய பதில் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

அங்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட வேண்டியிருந்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு ரேவதிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தர உத்தரவிட்டது. சிபிஐ வழக்கை எடுத்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மதுரை நீதிமன்றத்தில் ரேவதி கூண்டேறி, அந்த இரவில் பார்த்ததைச் சொன்னார்.